அழுகிப்போன மந்திரத்துக்கு ஒரு விதி

போன மாதம் எனக்கு ஒரு கடிதம் வந்தது. உறையின் மேல் 'மேடம்' என்று போட்டிருந்தது. என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஏதோ நோட்டீஸ் என்று பயந்து ஒரு நாள் முழுக்கப் பிரிக்காமலே வைத்திருந்தேன். பிரித்துப் பார்த்தால், ஓசூரில் கம்ப்யூட்டர் விளையாட்டு செய்யும் மூன்று பேர் சேர்ந்து எழுதியிருந்தார்கள். பழைய பேப்பர் கடையில் எங்கள் கதையாட்டப் பெட்டி ஒன்று அவர்களுக்குக் கிடைத்ததாம். மூடியின் உட்பக்கம் 'விதிகள்: ஆரோக்கியமேரி, தர்மபுரி' என்று பொடி எழுத்தில் இருந்ததை வைத்து விசாரித்து என்னைப் பிடித்திருக்கிறார்கள். "நீங்கள் மந்திரங்களை எப்படி அமைத்தீர்கள்? எங்கள் சிறு பத்திரிகைக்கு எழுதித் தர முடியுமா?" என்று கேட்டிருந்தார்கள். கூடவே பெட்டிக்குள் கிடந்த ஒரு துண்டுச் சீட்டையும் அனுப்பி, அதைப் பற்றி ஒரு சந்தேகமும் கேட்டிருந்தார்கள். அந்தச் சீட்டுக்குக் கடைசியில் வருகிறேன். அது என்னை நான்கு நாள் தூங்கவிடவில்லை.

முதலில் என்னைப் பற்றி. நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அப்பாவுக்கு நிலம் கொஞ்சம். வீட்டில் நாங்கள் ஐந்து பேர். எண்பதுகளின் தொடக்கத்தில் தர்மபுரி பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஓர் அச்சகத்தில் பைண்டிங் வேலைக்குச் சேர்ந்தேன். கல்யாணப் பத்திரிகை மடிப்பது, பில் புத்தகம் தைப்பது, பசை தடவுவது. மூன்று வருஷம் அதுதான். அந்த மூன்று வருஷத்தைப் பற்றிச் சொல்ல, விரலில் ஊசி குத்தியதைத் தவிர ஒன்றுமில்லை.

அச்சக முதலாளி வேணுகோபால் சார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் படம் வரைகிற வேலையில் இருந்தார். அப்பா இறந்ததும் அச்சகத்தைப் பார்க்க ஊருக்கு வந்துவிட்டார். பெங்களூரில் இருந்தபோது ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் வீட்டில் புதுவிதமான விளையாட்டு ஒன்றைப் பார்த்தாராம். பலகை இல்லை, காய் நகர்த்துவது இல்லை. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளாளுக்கு ஒரு வேஷம் எடுத்துக்கொண்டு, நான் இதைச் செய்கிறேன், அதைச் செய்கிறேன் என்பார்கள். பலிக்கிறதா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். அந்த ஆசை அவரை விடவில்லை. பகடைக்குப் பதில் நம்ம தாயக்கட்டையை வைத்து, தமிழில் 'கதையாட்டம்' என்று பெட்டி போட்டு விற்க ஆரம்பித்தார். பத்திரிகை அடிக்கிற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் அதுதான்.

முதல் பெட்டியின் விதித்தாளை மடிக்கும்போது நான் படித்துப் பார்த்தேன். 'நெருப்பு மந்திரம் தொட்டதையெல்லாம் எரிக்கும்' என்று இருந்தது. எனக்குத் திக்கென்றது. நேராகப் போய்க் கேட்டேன்.

"சார், தொட்டதெல்லாம் எரியும்னா, மந்திரம் போட்டவன் கை என்னாவுறதுங்க?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"கை எரிஞ்சா அவன் உதறுவான். உதறினா பக்கத்துல நிக்கறவன் வேட்டி எரியும். அவுங்க நிக்கறது தரைலங்க. தரையத் தொட்டா தரையும் எரியுமில்லீங்களா?"

 சார் மேஜைக்குள்ளிருந்து ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக் கொடுத்தார். "மேரி, இதுல உனக்கு என்னென்ன பயமா இருக்குதோ அதெல்லாம் எழுதிக் குடு."

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் என் பயத்தைக் கேட்டு வாங்கினார். வீட்டில் நான் வாயைத் திறந்தாலே "ஆரம்பிச்சுட்டாடா" என்பார்கள். ஒரு வாரத்தில் நோட்டு முழுவதையும் எழுதிக் கொடுத்தேன். அடுத்த மாதம் பசைச் சட்டியை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு, ஜன்னல் ஓரத்தில் எனக்கு ஒரு மேஜை போட்டார்கள்.

அம்மாவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. "மாதா கோயிலுக்குப் போற புள்ள மந்திரம் எழுதறாளாமே?" என்று அக்கம்பக்கத்தில் பேச்சு. எனக்கும் உள்ளுக்குள் உதறல்தான். செய்த பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்தில் பங்குச் சாமியாரிடம் சொல்லிவிட்டேன்.

"என்ன மந்திரம் எழுதறம்மா?" என்றார்.

"பறக்கறது, மறையறது, மிருகத்தோட பேசறதுங்க சாமி."

"பலிக்குதா?"

"தாயம் வுழுந்தாத்தான் சாமி."

திரைக்கு அந்தப் பக்கம் சிரிப்பை அடக்குகிற சத்தம் கேட்டது. "அப்ப பரவால்ல, போ. மூணு அருள்நிறை மரியே ஜெபம் சொல்லு" என்றார். எதற்கு அந்த மூன்று என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்.

இனி வேலையைச் சொல்கிறேன். சார் எப்போதும் ஒன்றே சொல்வார்: "மந்திரம்னா என்ன வேணா நடக்கும்னு நெனைக்காத. என்ன நடக்காதுன்னு மொதல்ல சொல்லு." ஒரு பெட்டிக்கு ஒரே பொருள். அந்தப் பொருளின் குணம்தான் அந்தப் பெட்டியின் மந்திரத்துக்கும் குணம். ஏரி என்று எடுத்தால் எல்லா மந்திரமும் மதகு வழியாகத்தான் வரவேண்டும். மேல்மடையில் உட்கார்ந்தவர் அதிகம் எடுத்தால் கடைமடைக்காரருக்குக் காயும். அந்த ஏரிப் பெட்டியைச் சோதிக்க ஏரியூருக்குப் போனபோது, கடைசியில் உட்கார்ந்திருந்த ஆள் இரண்டு சுற்று பார்த்தார். மூன்றாவது சுற்றில் எழுந்து வந்து முதல் ஆளின் மடிமேலேயே உட்கார்ந்துகொண்டார். 'ஆட்டத்தின் நடுவே இடம் மாறக்கூடாது' என்ற விதி அப்படி வந்ததுதான்.

ஒவ்வொரு மந்திரத்துக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குவேன். இது எங்கிருந்து வருகிறது, என்ன செய்யும், என்ன செய்யாது, போட்டவருக்கு என்ன நஷ்டம், இரண்டு பேர் ஒரே சமயத்தில் போட்டால் என்ன ஆகும் என்று வரிசையாக எழுதுவேன். அதற்குக் கீழே சிவப்புப் பென்சிலில், 'ஒரு கிறுக்கன் கையில் கிடைத்தால்?' என்று எழுதிவிட்டு அரை நாள் யோசிப்பேன். அந்த அரை நாள்தான் என் சம்பளத்துக்கான வேலை என்று சார் சொல்வார்.

எழுதியதை அவர் மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். அவர் தப்பு என்று ஒரு நாளும் சொன்னதில்லை. எந்த வரியில் சந்தேகமோ, அந்த வரியின் மேல் தன் பித்தளைத் தாயக்கட்டையைக் குறுக்கே வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். நான் போய்ப் பார்ப்பேன். கட்டை எந்த வரியில் இருக்கிறதோ அதைத் திருத்தி எழுதுவேன். சரியாகிவிட்டால் வந்து கட்டையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். ஆகவில்லை என்றால் மறுபடியும் டீ. சில நாள் ஆறு டீ, ஏழு டீ குடித்திருக்கிறார். அவருக்கு வயிறு கெட்டது என்னால்தான் என்று எனக்கு ஒரு கவலை உண்டு.

மூன்றாவது பெட்டிதான் தக்காளி மந்திரம். அது என்னுடைய யோசனை. பாலக்கோடு மார்க்கெட்டில் கூடை கூடையாகத் தக்காளியைப் பார்த்தபோது தோன்றியது. மந்திரங்கள் காயாக உங்கள் கைக்கு வரும். காயாக இருக்கும்போது போட்டால் பாதிதான் பலிக்கும். செங்காயானால் முக்கால். நான்காம் நாள் பழம்; அப்போது முழு பலம். ஐந்தாம் நாள் அழுகல். அட்டையைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். கதை என்னவென்றால், வெளிச்சத்தை விழுங்கிவிட்ட ஓர் அரக்கன் இரும்பு வாசல் வைத்த கோட்டைக்குள் இருக்கிறான். ஏழாம் நாள் வாசல் திறக்கும். வழியில் ஒரு தோட்டத்தில் மட்டும் புதுக் காய் பறித்துக்கொள்ளலாம். எதைச் செலவு செய்வது, எதைக் காப்பாற்றி வைப்பது என்ற பதைபதைப்புதான் ஆட்டம். எனக்கு ரொம்பப் பிடித்த பதைபதைப்பு. நானும் சாரும் நாலைந்து தடவை ஆடிப் பார்த்தோம். அருமையாக இருந்தது.

இதற்கிடையில் பெங்களூரிலிருந்து ஒரு விளையாட்டுச் சாமான் கடைக்காரர், ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து ஆடிப் பார்ப்பதாக எழுதியிருந்தார். பிடித்தால் தன் கடைகளில் எல்லாப் பெட்டியையும் வைப்பார். சார் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்: "இவுரும் வேண்டாம்னுட்டா பெட்டி வேலைய நிறுத்திடறேன் மேரி. பத்திரிகை அடிக்கறதே போதும். நீ பழையபடி பைண்டிங் பாரு." கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு அதிகப் பயமாகப் போய்விட்டது. பசைச் சட்டிக்குத் திரும்பிப் போவது ஒன்றும் கேவலம் இல்லை. ஆனால் என் பயத்துக்கு வேலை இருந்தது அந்த ஜன்னல் மேஜையில் மட்டும்தான்.

கடைக்காரர் வருவதற்குப் பத்து நாள் முன்பு, சோதனைக்குப் பாலக்கோடு போனோம். மார்க்கெட் முடிந்த மதியம், ஒரு மண்டியின் பின்புறக் கொட்டகை. ஆட வந்தவர்கள் இரண்டு பேர். முனியம்மா அக்கா, தக்காளி விவசாயம். அவருடைய கொழுந்தனார் மாதேஷ், சர்க்கரை ஆலையில் வேலை. நான் கதை சொன்னேன்.

"மொத நாள். வழில ஒரு ஓடை. தண்ணி முழங்கால் அளவு. எப்படித் தாண்டறீங்க?"

"பறக்கற மந்திரத்தப் போடு" என்றார் முனியம்மா அக்கா.

"அக்கா, முழங்கால் தண்ணிதான். நடந்தே போலாம்."

"போலாம். கைல காய் இருக்குதே, வெச்சிருந்து என்ன பண்ண? நாளைக்கு என்ன வெலை விக்குமோ."

"இதுல வெலையே இல்லீங்கக்கா."

"வெலையே இல்லாத தக்காளியா? அப்ப இன்னும் சீக்கிரமாத் தள்ளி வுடு!"

மாதேஷ் அண்ணன் அதற்கு மேல். யானை பலம் தரும் மந்திரத்தை விறகு தூக்கப் போட்டார். மறையும் மந்திரத்தைப் போட்டுக்கொண்டு, "நான் எங்கிருக்கறன் சொல்லு அண்ணி?" என்று கேட்டார். இரண்டாம் நாள் பொழுது சாய்வதற்குள் இருவர் கையும் காலி. தோட்டத்தில் பறித்த புதுக் காய்களையும் தோட்டத்திலேயே தீர்த்துவிட்டார்கள். ஏழாம் நாள் இரும்பு வாசல் திறந்து அரக்கன் வெளியே வந்தான்.

"இப்ப என்ன பண்றீங்க?" என்றேன்.

முனியம்மா அக்கா யோசித்தார். "கும்புட்டுட்டு வூட்டுக்கு வந்தர்றம். நல்லா இருந்துச்சு மேரி. சீக்கிரம் முடிஞ்சிருச்சு பாரு, நாலு மணி பஸ்ஸப் புடிச்சிரலாம்."

 அச்சகத்துக்கு வந்ததும் சார் விதித்தாளை எடுத்து விரித்தார். தாயக்கட்டையை வைத்தார். எந்த வரியிலும் இல்லை. மேலே, 'தக்காளி மந்திரம்' என்ற தலைப்பின் மேல். அதற்கு முன் தலைப்பில் கட்டை விழுந்ததே இல்லை. டீ குடிக்கவும் போகவில்லை. அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

எங்கே தப்பு என்று எனக்குப் புரிந்தது. நானும் சாரும் பதுக்கி வைத்துப் பயப்படுகிற ஜாதி. ஒன்றை மனசில் வைத்துக்கொண்டுதான் விதி எழுதியிருந்தோம்: ஆடுகிறவர் காப்பாற்றி வைக்கப் பார்ப்பார் என்று. தக்காளி போடுகிறவர்களுக்குத் தக்காளியைக் காப்பாற்றி வைப்பது என்ற பேச்சே கிடையாது. எத்தனையோ கிறுக்கர்களை யோசித்த நான், தக்காளிக்காரர்களை யோசிக்கவில்லை.

'பழமாகும் வரை மந்திரம் போடக்கூடாது' என்று எழுதினேன். கட்டை அதன் மேல் வந்தது. 'பத்து நாள் வரை அழுகாது' என்று மாற்றினேன். அதற்கு மட்டும் சார் வாயைத் திறந்தார். "பத்து நாளு தாங்குச்சுன்னா அது பூசணிக்கா மேரி." ஆறு நாள் போய்விட்டது. நான் சாப்பிடுவதைக்கூட மறந்துவிட்டேன். அம்மா, சாமியார் சொன்ன மூன்று ஜெபத்தை நான் ஒழுங்காகச் சொல்லவில்லை என்றார்.

ஏழாம் நாள் பஸ் ஏறி முனியம்மா அக்கா தோட்டத்துக்கே போனேன். எதைக் கேட்கப் போகிறேன் என்று தெரியாமல்தான் போனேன். அக்கா ஒரு மண்சட்டியில் அழுகின தக்காளியைப் போட்டுப் பிசைந்துகொண்டிருந்தார். வாடை தாங்கவில்லை.

"இது என்னத்துக்குங்கக்கா?"

"வெதைக்கு. ரெண்டு நாளு ஊறவெச்சு, அலசி, சாம்பல்ல பெரட்டிக் காய வெப்பன்."

"எல்லாத்தையும் தள்ளி வுட்டுருவேன்னீங்களே?"

"விக்கறது வேற, வெதை வேற. செடியிலயே நாலு பழத்த நானா வுட்டுருவன். அது கனிஞ்சு கொழகொழன்னு ஆவோணும். உங்காட்டம் பொத்திப் பொத்தி வெச்சுட்டா அடுத்த போகத்துக்கு எங்க போறது?" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "ஏன் அழுவற?"

நான் அழவில்லை. அந்த வாடைக்குக் கண்ணில் தண்ணீர் வந்திருந்தது. கொஞ்சம் அழுதேன் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

திரும்பி வருகிற பஸ்ஸிலேயே டிக்கெட்டின் பின்பக்கம் எழுதினேன். அழுகிய மந்திரத்தைத் தூக்கி எறிய வேண்டாம். அது விதை. கதையில் எந்த இடத்தில் நிற்கிறீர்களோ அந்த மண்ணில் நடலாம். என்ன மந்திரம், எந்த இடம் என்று ஒரு சீட்டில் எழுதி வைக்க வேண்டும். இரண்டு நாள் கழித்து அங்கே வருகிற யாரும் அதே மந்திரத்தை முழுப் பழமாகப் பறித்துக்கொள்ளலாம்.

சார் படித்தார். தலைப்பின் மேலிருந்த கட்டையை எடுத்தார். எனக்குப் போன உயிர் வந்தது. எடுத்ததை 'யாரும்' என்ற சொல்லின் மேல் வைத்தார்.

நான் அவரிடம் அதுவரை எதிர்த்துப் பேசியதில்லை. அன்றைக்கு எப்படித் தைரியம் வந்ததோ. "அது மாறக்கூடாதுங்க சார். தன்னை யார் நட்டாங்கன்னு செடிக்குத் தெரியாதில்லீங்களா?"

அவர் சிரித்துக்கொண்டே கட்டையைப் பையில் போட்டுக்கொண்டார். அன்றைக்கு ஒரு டீகூடக் குடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசையை முடித்துக்கொண்டு அச்சகத்துக்கு ஓடினேன். கடைக்காரர் வெள்ளைச் சட்டை, தங்க பிரேம் கண்ணாடி. கன்னடமும் தமிழும் கலந்து பேசினார். முனியம்மா அக்காவும் மாதேஷ் அண்ணனும் அவருடன் ஆட உட்கார்ந்தார்கள். அக்கா வழக்கம்போல ஓடையிலேயே பறந்தார். ஆனால் வெளிச்ச மந்திரத்தை மட்டும் தொடவில்லை. "இது வெதைக்கு" என்று தனியாக வைத்துக்கொண்டார். கடைக்காரர் நேர் எதிர். ஐந்து அட்டையையும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ஒன்றைக்கூட எடுக்கவில்லை. "அரக்கனுக்கு பேக்கு, அரக்கனுக்கு வேணும்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஐந்தாம் நாள் இரும்பு வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். அவர் கையில் இருந்த ஐந்தும் அழுகின.

"நன்ன ஹண்ணெல்லா ஹோய்த்தல்லம்மா! என் பழமெல்லாம் போச்சே!" என்று என்னைப் பார்த்து அலறினார். ஆட்டம் போச்சு, என் மேஜை போச்சு என்று நினைத்தேன்.

"போனாப் போவுது வுடுங்க சார். நட்டு வெய்யுங்க" என்றார் முனியம்மா அக்கா, தன் வெளிச்ச விதையை வாசலின் ஒரு ஓரத்தில் நட்டுக்கொண்டே. கடைக்காரர் வேண்டா வெறுப்பாக ஐந்து சீட்டு எழுதி வாசலுக்கு முன்னாலேயே நட்டார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

ஏழாம் நாள் வாசல் திறந்தது. அரக்கன் வெளியே கால் வைத்தான்; வைத்த இடம் பழுத்துக் குலுங்குகிற தோட்டம். முதலில் பாய்ந்தவர் மாதேஷ் அண்ணன்.

"யானை பலத்தப் பறிச்சுட்டன்!"

"ஏய், அது நன்னது, என்னோடது!" என்று எழுந்தே விட்டார் கடைக்காரர்.

நான் விதித்தாளில் அந்த வரியைத் தொட்டுக் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்தார். இரண்டு தடவை படித்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, தானும் ஓடிப்போய்ப் பறிக்கிறவர் மாதிரி அட்டையை எடுத்தார். மூன்று பேரும் சேர்ந்து அரக்கனைச் சாய்த்தார்கள். கடைசி அடி முனியம்மா அக்காவின் வெளிச்சம். அவர் உருட்டியதில் தாயம் விழுந்தது. சத்தம் கேட்டுப் பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

நான் அட்டைகளை அடுக்க ஆரம்பித்தேன். அப்போது சார், கடைக்காரர் எதிரிலேயே, பையிலிருந்து தாயக்கட்டையை எடுத்தார். 'அரக்கன் வீழ்ந்ததும் ஆட்டம் முடியும்' என்ற கடைசி வரியின் மேல் வைத்தார். இப்போதுமா சந்தேகம்?

"இன்னும் ரெண்டு பழம் வாசல்ல நிக்குதே" என்றார் சார்.

"ஆமா, பறிக்காம வுட்டுட்டா போறது?" என்றார் முனியம்மா அக்கா. "நமக்குப் பஸ்ஸுக்கு நேரமாச்சு. அடுத்து வர்றவங்க பறிச்சுக்கட்டும்."

நான் அங்கேயே பென்சிலால் எழுதினேன்: 'பறிக்காத செடி அங்கேயே நிற்கும். சீட்டைப் பெட்டிக்குள் போட்டு வையுங்கள். அடுத்து ஆடுகிறவர்களுக்கு உரியது.' சார் கட்டையை எடுத்துக்கொண்டார். கடைக்காரர் தன் இரண்டு சீட்டையும் பெட்டிக்குள் போட்டு, பெட்டியையே கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அதற்குப் பிறகு பதினோரு பெட்டிக்கு விதி எழுதினேன். ஜன்னல் மேஜையை யாரும் எடுக்கவில்லை.

இப்போது அந்த ஓசூர்க்காரர்கள் அனுப்பிய சீட்டு. யாரோ முன்பின் தெரியாதவரின் கோணல் எழுத்து. 'இரும்பு வாசலுக்கு இடப்பக்கம் வெளிச்சம் ஒன்று நட்டிருக்கிறோம். நாங்கள் தோற்றுவிட்டோம். நீங்களாவது பறியுங்கள்.' அதற்குக் கீழே அந்த மூன்று பேரின் கேள்வி: 'இது இன்னும் செல்லுமா?'

நோட்டுகளை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். எத்தனை நாள் வரை செல்லும் என்று நான் எழுதவே இல்லை. இத்தனை வருஷம் கண்ணில் படாத ஓட்டை. பழுத்த பழம் ஒரு நாளில் அழுகும். அது என் விதிதான். அப்படியென்றால் அந்த வெளிச்சம் எப்போதோ போயிருக்க வேண்டும். நம்பிக் கேட்ட பிள்ளைகளுக்கு அப்படி எப்படி எழுதுவது? நான்கு நாள் இதே யோசனை. ஐந்தாம் நாள் காலை, எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவுகிற இடத்தில் யாரும் போடாமல் முளைத்த தக்காளிச் செடி கண்ணில் பட்டது. அழுகின பழம் எங்கே போகும்? அதே இடத்தில்தானே விழும்.

உடனே ஒரு கார்டு எடுத்து எழுதிப் போட்டேன்: 'செல்லும். இடப்பக்கம் மட்டும் தேடாதீர்கள். இத்தனை வருஷத்தில் வாசல் முழுக்கப் பரவியிருக்கும்.'